சூசைராஜ் சேர்த்த பதினேழு கைண்ட்லி

உழைப்பைப் பத்தி நிறையப் பேசிட்டேன். இப்ப லீவைப் பத்தி ஒரு குட்டிக் கதை... சொல்லட்டுமா? லீவுன்னதும் பாருங்க, பின்வரிசையே நிமிர்ந்து உக்காருது.

திருச்சியில சூசைராஜ்னு ஒருத்தர். சாமியாராப் போறேன்னு ரோமாபுரியில நாலு வருஷம் படிச்சாரு. பாதியில திரும்பி வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. குருப்பட்டம் கிடைக்கல, இத்தாலி மொழி மட்டும் மிச்சம். அதை வச்சு ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ்ல வேலை.

ஒரு இத்தாலிக் கம்பெனி தன்னோட லீவு விதிகளை அனுப்பி, இங்கிலீஷ்ல மாத்தித் தரச் சொல்லுச்சு. அதுல என்ன இருக்கு? 'வருஷத்துக்கு நாலு வாரம் உண்டு. கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள் உண்டு.' அவ்வளவுதான். நம்மாளு எப்படி எழுதினாரு? 'தொழிலாளி கல்யாணப் பத்திரிகையை இணைத்து, மேனேஜர் அவர்களிடம் பணிவுடன் விண்ணப்பித்தால், அவர் கைண்ட்லி மனசு வைத்தால், பதினஞ்சு நாள்...'

மறுநாள் அந்தக் கம்பெனி அதிகாரி ஒர்னெல்லா அம்மா வீடியோவுல வந்தாங்க.

"மிஸ்டர் சூசை, பதினேழு இடத்துல கைண்ட்லி இருக்கு. எங்க பேப்பர்ல ஒண்ணுகூட இல்லையே?"

"மேடம்... அது இல்லாம எப்படி லீவு கேக்குறது?"

"யாரு கெஞ்சச் சொன்னா? அது அவங்க லீவு. சொல்லிட்டுப் போவாங்க."

சொல்லிட்டுப் போவாங்களா... சூசைராஜ் திரும்பிக் காலண்டரைப் பார்த்தாரு. ஏன் தெரியுமா? வெள்ளிக்கிழமை அவரு மக பிலோமினாவுக்கு வளைகாப்பு. ஒரே மக. 'அப்பா, நீங்க வந்தாத்தான் நான் கையை நீட்டுவேன்'னு சொல்லிட்டா. இவரு ரெண்டு வாரமா லீவு கேக்கப் பயந்துக்கிட்டு கெடக்குறாரு.

பதினேழு கைண்ட்லியையும் அழிச்சாரு. தன்னோட லீவு லெட்டரை எழுத உக்காந்தாரு. கை என்ன பண்ணுச்சு? தானா எழுதுது... 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'... சிரிக்கிறீங்க. உங்க கையும் அதைத்தானே எழுதும்? பள்ளிக்கூடத்துல நமக்கு வந்த காய்ச்சல், இன்னும் இறங்கவே இல்ல.

அதையும் கிழிச்சாரு. 'வெள்ளிக்கிழமை என் மகளுக்கு வளைகாப்பு. அன்னைக்கு நான் லீவு.' ரெண்டே வரி. கொண்டுபோய் மேனேஜர் குழந்தைவேலு கையில குடுத்துட்டு நின்னாரு.

மேனேஜர் படிச்சாரு. கண்ணாடியைத் துடைச்சுட்டுத் திரும்பப் படிச்சாரு.

"என்னய்யா... காய்ச்சல்னு எழுதலையா?"

"காய்ச்சல் இல்ல சார். வளைகாப்பு."

மேனேஜர் லெட்டரை மேஜை மேல வச்சாரு. அப்புறம் மெதுவா... "என் பொண்ணு வளைகாப்புக்கு நான் காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டுத்தான்யா போனேன். யாராவது ஃபேஸ்புக்ல போட்டுட்டா மாட்டிக்குவேன்னு, கேமராவைப் பார்த்தாலே சமையல்கட்டுல போய் நின்னுக்கிட்டேன். இப்ப அந்த ஆல்பத்தைப் பார்க்கிறவன், பொண்ணுக்கு அப்பா இல்லபோலன்னு நெனைச்சுக்குறான்."

கையெழுத்தைப் போட்டாரு.

என் உறவுகளே, இத்தாலிக்காரன் நம்மளைவிட ஒசத்தின்னு நான் சொல்ல வரல. உனக்குன்னு எழுதி வச்சதை, நீயே பிச்சையா மாத்தி எழுதிக்காதே... அதைத்தான் சொல்றேன். உன் நாளை உண்மையைச் சொல்லிக் கேளு. வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டு ஆல்பத்தை எடுத்துப் பாருங்க... எத்தனை போட்டோவுல நீங்க இல்லன்னு பாருங்க.