நேராக மாட்டிய சூரியன்

அட்டையில் இருக்கும் சூரியனை வரைந்தது நான்தான். வாய் நன்றாகச் சிரிக்கிறது. மூக்குதான் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. பன்னிரண்டு அட்டைகளிலும் அதே கோணல். சார்ஜென்ட், நீங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருப்பது அவற்றில் ஒன்று. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் நல்லது. வேறு யாருக்காவது பயன்படும்.

எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதித்தீர்கள், நன்றி. வாயால் சொல்லும்போது நான் நடுவில் எதையாவது விட்டுவிடுவேன்.

நெதர் வின்லி சின்ன ஊர். தொண்ணூறு வீடு இருக்கும். அதில் தனியாக இருக்கும் முதியவர்கள் பன்னிரண்டு பேர். காலை ஒன்பது மணிக்குள் அவர்கள் தெருப்பக்க ஜன்னலில் சூரிய அட்டையை மாட்ட வேண்டும். இருட்டத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். ஊர்க்காவல் பொறுப்பாளர் என்ற முறையில் ஒன்பதேகாலுக்கு நான் நடந்து வந்து பார்ப்பேன். அட்டை இருந்தால் ஆள் நலம். இல்லையென்றால் தட்டுவேன். பதில் இல்லையென்றால் சாவி போட்டுத் திறப்பேன். பன்னிரண்டு சாவியும் என் வீட்டுச் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் கொக்கிகளில் தொங்குகின்றன. ஒன்பது வருடமாக மழையிலும் பனியிலும் ஒரு நாள்கூட நான் தவறியதில்லை. இரண்டு பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள்.

திருச்சபையின் மாத இதழில் கடைசிப் பக்கமும் என்னுடையதுதான். அந்த மாதம் ஊரில் நடந்த குற்றங்களை எழுத வேண்டும். பதினொரு வருடமாக அநேகமாக ஒரே வரிதான்: ‘குற்றங்கள்: ஏதுமில்லை.’ அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இங்கே வீடு வாங்கினோம் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறோம் என்பார்கள். மனிதருக்கு மனிதர் செய்யக்கூடிய சின்ன உதவிகளில் அதைவிடப் பெரியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

வில்ஃப் டிரான்டர் இரண்டு வருடம் முன்பு இங்கே வந்தார். கூரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. நான் கேட்டதுமே சாவியைக் கொடுத்துவிட்டார். அட்டையை மட்டும் தலைகீழாக மாட்டினார்.

“என்ன மிஸ்டர் டிரான்டர், சூரியன் தலைகீழா நிக்குது?”

“தினம் வந்து என்னைத் தணிக்கை பண்றீங்கல்ல? கொஞ்சம் கழுத்தைச் சாய்ச்சுப் பாருங்க மிஸ் லிட்கேட். வயசான கழுத்துக்கு நல்லது.”

அதன் பிறகு ஒரு நாளும் அவர் நேராக மாட்டியதில்லை.

முதல் வருட அறுப்பின் பண்டிகை விருந்தில் அவராகவே எழுந்து சொன்னார். “ஒண்ணு சொல்லிடறேன். இருபது வயசுல ஒரு கடையை உடைச்சு ரெண்டு வருஷம் உள்ள இருந்தவன் நான். ஸ்பூனையெல்லாம் எண்ணி வெச்சுக்கங்க.”

முட்டைக்காரி மேவிஸ் கார்லிங் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “எங்க வீட்டு ஸ்பூனைத் திருடினா உனக்குத்தான் நஷ்டம்யா. பாதி வளைஞ்சு கிடக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தேதியுடன் குறித்து வைத்தேன். காவல் பொறுப்பில் இருப்பவள் குறித்து வைக்கத்தானே வேண்டும்.

இந்தச் செப்டம்பரில் தேவாலயக் கூரையிலிருந்து ஈயத் தகடுகள் திருட்டுப் போயின. ஆறு தகடு. அடுத்த ஞாயிறு பெய்த மழையில் பலிபீடத்தின் விரிப்பு நனைந்தது. அந்த மாதம் என் வரியை என்னால் எழுத முடியவில்லை. ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். எல்லோரும் பயந்திருந்தார்கள், என்னைத்தான் பார்த்தார்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். மூன்று கேள்விதான் கேட்டேன். நம் ஊரில் நீளமான ஏணி யாரிடம் இருக்கிறது? கூரையில் ஏறிப் பழகியவர் யார்? இந்த மாதிரிக் காரியத்தில் முன் பழக்கம் உள்ளவர் யார்? மூன்றுக்கும் பதில் உண்மையே.

அதன் பிறகு யாரும் அவரை ஒன்றும் செய்துவிடவில்லை. கல்லெறிவதும் கத்துவதும் எங்கள் ஊர் வழக்கமல்ல. ஆராதனையில் சமாதான வாழ்த்து சொல்லி ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் நேரத்தில் அவர் கை மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். எனக்கு முன்வரிசையில்தான் அவர் இருப்பார். திரும்பி என் பக்கம் நீட்டுவார். அந்த நேரம் பார்த்து எனக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேட வேண்டியிருக்கும். மேவிஸ் ஒருத்திதான் எழுந்துபோய் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவாள். அவளுக்கு எதிலும் ஓர் அளவு தெரியாது.

அவர் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. அட்டையும் தினமும் தலைகீழாக இருந்துகொண்டே இருந்தது.

நவம்பரில் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் கான்ஸ்டபிள் ரஃப்ஹெட் போன் செய்தார். எண்பது மைல் தள்ளி ஒரு கும்பல் பிடிபட்டிருக்கிறது, லாரியில் பதினொரு தேவாலயங்களின் ஈயம் இருந்தது, அதில் எங்களுடையதும் உண்டு என்றார். “இதழ்ல போட்டுடுங்க மிஸ் லிட்கேட். எல்லாரும் நிம்மதியா இருக்கட்டும்” என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

நான் கல்நெஞ்சக்காரி அல்ல. அன்று மாலையே ஓர் எலுமிச்சை கேக் செய்தேன். தவறு செய்தால் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். புதன்கிழமை ஒன்பதேகாலுக்குக் கேக்கோடு நடந்தேன். மற்றப் பதினொரு ஜன்னலிலும் சூரியன் இருந்தது. அவருடையதில் இல்லை. தட்டினேன். திறந்தேன்.

அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். ஒரு கால் திரும்பியிருந்த விதத்திலேயே இடுப்பு எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் நாற்காலி சாய்ந்து கிடந்தது. முந்தைய நாள் சாயங்காலம் விழுந்திருக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வந்துட்டீங்களா. ஒன்பதேகால் ஆகட்டும், எனிட் லிட்கேட் வந்துடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டே கிடந்தேன். என்னைப் பத்தி என்ன நினைச்சாலும் வந்துடுவீங்கன்னு தெரியும்.” பிறகு, “நாப்பது வருஷம் கூரை ஏறினவன் ஒரு பல்பு மாட்டப் போய் விழுந்திருக்கேன். மேவிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. என் சவப்பெட்டி மேல உக்காந்து சிரிப்பா” என்றார்.

போன் சுவரில் இருந்தது. நான் அதை நோக்கித்தான் போனேன். ஆனால் வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுவது நேர்மை என்று பட்டது. ஈயம் கிடைத்துவிட்டது என்றேன். திருடியவர்கள் வெளியூர்க்காரர்கள் என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாக இருந்தது, வலியாலும் இருக்கலாம். “அது போதும்மா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு அதை மட்டும் சொல்லிடுங்க. மன்னிப்பெல்லாம் வேணாம். வில்ஃப் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை. இப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.”

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும், சார்ஜென்ட். நான் எழுந்து நின்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? காவல் பொறுப்பில் இருப்பவளே ஆளைத் தவறாகப் பார்த்துவிட்டாள் என்று பேசியிருப்பார்கள். அடுத்த வாரம் ஒருவர் சாவியைத் திருப்பிக் கேட்பார். அதற்கடுத்த வாரம் இன்னொருவர். அட்டைகள் ஒவ்வொன்றாக ஜன்னலைவிட்டுப் போகும். பிறகு யார் விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒருவருடைய மனநிறைவுக்காகப் பதினொரு பேருடைய உயிரை ஆபத்தில் விடுவதா? தரையில் அவர் பக்கத்தில் மண்டியிட்டு நான் அமைதியாக யோசித்தேன். ஜெபமும் செய்தேன்.

உதவி கூட்டி வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். இந்தக் காரியம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். வெளியே வரும்போது ஜன்னலோரம் இருந்த அட்டையைப் பார்த்தேன். அது ஜன்னலில் இல்லாவிட்டால் தெருவில் போகிறவர்கள் கவலைப்படுவார்கள். எடுத்து மாட்டினேன்.

அவர் தலைகீழாக மாட்டுவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. இரண்டு வருடமாகத் தினமும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தவள் நான். ஆனால் சிரிக்கிற முகத்தைக் கவிழ்த்து மாட்ட எனக்கு மனம் வரவில்லை. என் கை நேராகத்தான் மாட்டியது.

நான்கு மணிக்கு இருட்டத் தொடங்கியதும் போய் அட்டையை எடுத்தேன். அவர் குளிரில் கிடக்க வேண்டாம் என்று திருச்சபைப் பெண்கள் பின்னிய கம்பளியைக் கொண்டுபோய் நன்றாகப் போர்த்தினேன். தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். இளஞ்சூட்டில் தேநீரைக் கரண்டியால் ஊட்டினேன். “ஆம்புலன்ஸ் லேட்டா?” என்றார். “வந்துடும்” என்றேன். இதையும் பொய் என்று சேர்த்தால் இரண்டு ஆகிறது. முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வியாழன் காலை மாட்டினேன். சாயங்காலம் எடுத்தேன். அன்று கூப்பிட்டுவிடலாம் என்றும் ஒரு தரம் நினைத்தேன். ஆனால் நேற்றே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார்களே. புதன்கிழமையை யாரிடமும் விளக்க முடியாது. அவருக்கு அப்போது பேச்சு தடுமாறத் தொடங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். காது வைத்துக் கேட்டேன்.

“கோயில் படி… இன்னிக்குப் பனி உறைஞ்சிருக்கும். உப்பு போடலை நான். பாத்து ஏறுங்க எனிட். போன வருஷமே வழுக்கப் பாத்தீங்க.”

போன குளிர்காலம் முழுவதும் யாரோ விடியும் முன்பே, பனி உருகி வழுக்காமல் இருக்க, தேவாலயப் படிகளில் உப்புத் தூவி வைத்திருந்தார்கள். தேவாலயத்தைப் பெருக்கிப் பராமரிக்கும் கோயில்பிள்ளை செய்கிறார் என்று நினைத்து இதழில் அவருக்குத்தான் நன்றி எழுதியிருந்தேன். தவறான தகவல். டிசம்பர் இதழில் அதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும் என்று அன்றே குறித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மாட்டிவிட்டு வெளியே வரும்போது மேவிஸ் முட்டைக் கூடையோடு தெருவில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வில்ஃப் உள்ள இருக்காரா?”

“இருக்கார். தூங்கறார்.”

“தூங்கறவரு எப்படி அட்டையை மாட்டினாரு?”

நான் கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டேன்.

“நேத்தும் நேராத்தான் இருந்துச்சு. நான்தான் சரியாப் பாக்கலையோன்னு போயிட்டேன். அந்த மனுஷன் என்னிக்காவது சூரியனை நேரா மாட்டிப் பாத்திருக்கீங்களா?”

“திருந்தியிருக்கலாம்.”

“யாரு, வில்ஃபா?” அவள் கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்க மிஸ் லிட்கேட்.”

சாவியைப் பொறுப்பாளர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதி என்றேன்.

“உங்க விதியை அடுப்புல வெச்சுக் கொளுத்துங்க” என்று சொல்லிவிட்டுக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினாள். பூந்தொட்டியால் கண்ணாடியை உடைக்கும் சத்தம் கேட்டது. நான் தெருவிலேயே நின்றேன். முட்டைகள் உடைந்து சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கும் நேரத்தில் அவர் மருத்துவமனையில் இறந்தார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் எழுதியிருப்பதையும் படித்துக் காட்டினீர்கள். அதை நான் மறுக்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் விழுந்தவர் புதன் காலை உயிரோடு இருந்தார், என்னிடம் பேசினார், நான் அவரை அங்கேயே விட்டேன். வெள்ளி காலைவரை ஐந்து முறை அந்த வீட்டுக்குள் போய் வந்தேன். ஐந்து முறையும் சுவரில் போன் இருந்தது. இதை என் சொந்த நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

ஆனால் மேவிஸ் உள்ளே போனபோது அவர் அவளிடம் என்ன சொன்னார் என்பதை அவளே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். “எனிட் உதவிக்குப் போயிருக்கா. திட்டாதே. வயசாயிடுச்சுல்ல, மெதுவாத்தான் நடப்பா.” அவ்வளவுதான் அவர் என்னைப் பற்றிச் சொன்னது. அவருக்கு என்மேல் ஒரு குறையும் இருக்கவில்லை. கம்பளியும் தேநீரும் வீண்போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாத இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கடைசிப் பக்கத்தை எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். உப்பு பற்றிய திருத்தம் மேலே இருக்கிறது. மேவிஸ் உடைத்த கண்ணாடியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். சட்டப்படி அது அடுத்தவர் உடைமைக்குச் செய்த சேதம். இருந்தாலும் அவள் நல்லெண்ணத்தில்தான் செய்தாள். அவளை மன்னித்து அதை விட்டுவிட்டேன். ஆகவே நவம்பர் மாதத்துக்கான வரி வழக்கம்போலவே இருக்கிறது: ‘குற்றங்கள்: ஏதுமில்லை.’