மூன்றாவது அழைப்பு

— எதுக்கு ஹெஸ்டர் மூணு கோப்பை? நாம ரெண்டு பேர்தானே.

— கைப்பழக்கம். காபியைக் குடிங்க நீதிபதி அய்யா. அப்படிக் கூப்பிடறதே இன்னைக்கு ஒரு நாள்தான்.

— ஃபெடரல் நீதிபதி வேலை ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. சாகிறவரைக்கும் என்னை யாரும் இறக்க முடியாது. நானாத்தான் இறங்கறேன். பதிவுல இருக்கட்டும்.

— இருக்கட்டும், இருக்கட்டும். எழுபது வயசுலயும் இந்த ஜம்பம் போகலை. கழுத்தைக் காட்டுங்க, டை கட்டிவிடறேன். ஏங்க, என்ன யோசனை?

— ஒரு வேலை பாக்கி இருக்கு. டவாலி ஜோனாஸ்கிட்ட சொல்லிட்டேன். கோர்ட் கூடினதும் வாசப்படியில நின்னு ஒரு பேரைக் கூப்பிடணும்.

— யார் பேரை?

— லவினியா டோட்.

— வேண்டாங்க.

— உனக்கு ஞாபகம் இருக்கா அவளை?

— படகுக்காரன் பொண்டாட்டி. தபால்காரனைக் கொன்னான்னு அவ புருஷனைத் தூக்குல போட்டீங்க.

— ஜூரி சொன்னாங்க, நான் தண்டனையை வாசிச்சேன். அன்னைக்கு அவன் வீட்டைவிட்டு நகரலைன்னு சொல்ல இருந்தது அவ ஒருத்திதான். சாட்சியை மூணு தரம் கூப்பிடணும், அதுதான் முறை. ஜோனாஸ் ரெண்டு தரம் கூப்பிட்டான். போதும், உள்ள வான்னுட்டேன்.

— சாப்பாட்டு நேரம்.

— ஆமா. வாத்துக் குழம்பு ஆறுதுன்னு நீ ஆள் அனுப்பியிருந்தே. அவ அப்போ நடு ஆத்துல தனியாத் துடுப்புப் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. கரை ஏறி வர்றப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவனைத் தூக்குல போட்ட அன்னைக்கு அதே ஆத்துல விழுந்து அவளும் போயிட்டா.

— பத்தொன்பது வருஷம் ஆச்சு. விடுங்களேன்.

— அவ விட்டாளா? எந்த வழக்குன்னாலும் ஜோனாஸ் ரெண்டாவது தரம் கூப்பிட்டதும் ஈரத்துணி சொட்டற சத்தம் என் காதுல கேக்குது. வீட்டுக்கு வந்தா இங்கயும் சமையலறைத் தரை ஈரம்.

— கழுவிவிட்டிருப்பேன்.

— தினமுமா? மழையே இல்லாத வருஷத்துலகூடவா?

— காபி ஆறுது.

— இன்னைக்கு விட்டா அந்தப் பேரைக் கூப்பிடச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. மூணாவது தரம் கூப்பிட்டா வருவா. சொல்ல வந்ததைச் சொல்லுவா, நான் கேட்டுக்குவேன். அப்புறம் போயிடுவா ஹெஸ்டர். அவளும் தூங்கட்டும், நானும் தூங்கறேன்.

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— ஏன், யார் காதுல விழப்போகுது?

— பிள்ளை குட்டி இல்லாத வீடு. நீங்க கோர்ட்டு, கேஸுன்னு மாசக்கணக்கா ஊர் ஊராப் போயிட்டீங்க. இத்தனை வருஷம் நான் யாரோட பேசிக்கிட்டு இருந்தேன்னு ஒரு தரமாவது கேட்டீங்களா?

— ஹெஸ்டர், அந்த மூணாவது கோப்பை. இப்பத்தானே நிறைய ஊத்தினே, அதுக்குள்ள எப்படிக் காலியாச்சு?

— எழுந்திருக்காதே லவினியா. அவங்க இன்னும் கூப்பிடலை.