பாதித் தாயத்து

பால் வீணாவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்காது, சாமி. ஜெனோவாவில் எங்களைப் போன்ற வீடுகளில் எதையுமே வீணாக்குவதில்லை.

என் மகன் லான்ஃபிராங்கோ பிறந்தபோது எனக்குப் பால் சுரக்கவில்லை. எங்கள் அடிமைப்பெண் மார்த்தாவுக்கு அப்போது மூன்று வாரப் பெண் குழந்தை. அதன் மோவாயில் என் கணவருக்கு இருக்கும் அதே குழி. எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பிள்ளை அநாதை மடத்துக்குப் போய்விடும், பால் வீட்டில் தங்கிவிடும். எல்லாக் குடும்பங்களிலும் இதுதான் வழக்கம்.

மார்த்தா தன் செப்புத் தாயத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையின் கழுத்தில் கட்டினாள். மடத்தில் அதைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். பின்னால் தாய் மறுபாதியைக் காட்டிப் பிள்ளையைக் கேட்கலாம்.

“இத மட்டும் அவுத்துராதீங்கம்மா. என்னைக்காவது போயிக் கேப்பேன்.”

“சரிடி. மொதல்ல தம்பிக்குப் பாலக் குடு.”

நானே தூக்கிக்கொண்டு போனேன். நல்ல மழை. மடம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. துறைமுகத்தருகே குழந்தை என் புதுச் சட்டையில் கக்கிவிட்டது. அந்தப் புளித்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. மீன் அறுக்கும் கல்மேடை காலியாக இருந்தது. குடலும் செதிலும் ஒட்டிய அந்தக் கல்லில் கிடத்தினேன். யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நாய்கள் நின்றன, அதையும் பார்த்தேன். தாயத்து நல்ல செம்பு, கழற்றிக்கொண்டேன்.

சில நாட்களில் மார்த்தாவுக்குப் பால் வற்றத் தொடங்கியது. அதனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து ஏதாவது சொல்வேன்.

“மடத்துல பாத்தேன்டி. ஒம் மகளுக்குப் பல்லு மொளைச்சிருச்சு.”

“நெசமாவாம்மா? யாரக் கடிக்கிறாளாம்?”

சிரிப்பாள். மார்த்துணி நனையும்படி பால் சுரக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் என் மகன் கொழுகொழுவென்று வளர்ந்தான்.

போன வாரம் அவன் என் தையல் பெட்டியைக் கிளறி, அந்தப் பாதியை எடுத்துப்போய் அவள் கையில் வைத்தான். அவள் தன்னுடைய பாதியை அதோடு சேர்த்துப் பார்த்தாள். பொருந்தியது.

“எம் புள்ள எங்கம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள், கைநீளம் என்று சொல்லி அவளை மயோர்க்கா தீவுக்குப் போகும் கப்பலுக்கு விற்றுவிட்டோம். மகனும் பால்குடி மறந்திருந்தான்.

நான் எதையும் மறைப்பவள் அல்ல, சாமி. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பொய்கள்தான் நெஞ்சை உறுத்துகின்றன. அவற்றுக்கு எத்தனை செபம் என்று சொல்லுங்கள். வேறு பாவம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.