இருபத்திரண்டு போதும்

— முப்பத்திமூணு. நீங்களே பாருங்க டயர்க்காரரே. நான் காத்து வைக்கச் சொன்னது இருபத்திரெண்டு.

— வண்டி ஓடி வந்த சூடு சார். ரெண்டு மூணு கூடத்தான் காட்டும்.

— ரெண்டு மூணு கூடும். பதினொண்ணு கூடுமா? காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே அளந்துட்டேன். நாலு சக்கரமும் முப்பத்திமூணு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன்கிட்ட கதை விடாதீங்க.

— காத்து அளக்கற கேஜ் புதுசா சார்?

— நேத்து சாயங்காலம் வாங்கினது. பாலம் ஏறும்போது இவ ரெண்டு தடவ 'அம்மா'ன்னு கத்திட்டா. இருபத்திரெண்டுல வெண்ணெய் மாதிரி போக வேண்டிய வண்டி, ஏன் இப்படித் தூக்கிப் போடுதுன்னு சந்தேகம் வந்துடுச்சு.

— என்னங்க, போதும் வாங்க. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. பின் சீட்டுல மூட்டை மாதிரி படுத்துக் கிடக்கேன், வெயில் வேற நேரா மூஞ்சில அடிக்குது.

— இருங்கக்கா, இந்தத் துணிய கண்ணாடில மாட்டி விடறேன்… இப்ப பரவாயில்லையா?

— நீ நல்லா இருப்பே தம்பி. இந்த மனுஷன் சொல்றத மனசுல வெச்சுக்காதே. ஒரு காலத்துல இவரே நாப்பது அடிப்பாரு. டயர் கல்லு மாதிரி இருந்தாத்தான் பெட்ரோல் மிச்சமாம். காய் வாங்கப் போயிட்டு வந்தாக்கூட எனக்குப் பல்லெல்லாம் ஆடும்.

— அந்தப் பாவத்துக்குத்தாம்மா இப்ப அனுபவிக்கிறேன். பெட்ரோல் குடிச்சா குடிச்சுட்டுப் போகட்டும், உன் இடுப்பு குலுங்காம இருந்தாப் போதும். டயர்க்காரரே, நேராச் சொல்லுங்க. எத்தனை நாளா இந்த ஏமாத்து?

— சத்தியமா ஏமாத்தணும்னு இல்ல சார்.

— எத்தனை நாளா?

— ரெண்டு மாசம் இருக்கும்.

— ரெண்டு மாசமா! வாரத்துக்கு ரெண்டு தடவ உங்க கடை வாசல்ல நிக்கறேன். 'இருபத்திரெண்டு வெச்சாச்சு சார், பத்திரமாப் போயிட்டு வாங்க'ன்னு வாய் கூசாம சொன்னீங்களே!

— பத்திரமாப் போயிட்டு வாங்கன்னு சொன்னது பொய்யில்ல சார். அவ்வளவு காத்து கம்மியா வெச்சு பெரிய ரோட்டுல போனா, டயரோட ஓரம் மடங்கி மடங்கிச் சூடேறும். ஒரு நாள் வெடிக்கும். நான் ஒரு வண்டிய அப்படிப் பாத்திருக்கேன், உள்ள இருந்தவங்களையும் பாத்தேன். அக்கா படுத்துக்கிட்டே வர்றாங்க, பெல்ட்டு போடக்கூட வழியில்ல. எனக்கு மனசு வரல. ஒவ்வொரு தடவயும் நீங்க கிளம்பினதும் மேல ஒருத்தரைக் கும்பிட்டுக்குவேன்.

— கும்பிடு யாருக்கு வேணும்? வலி யாருக்கு, உங்களுக்கா?

— தம்பிய ஏன் திட்டறீங்க? நல்லதுதானே நெனச்சிருக்கு.

— நீ சும்மா இரு. டாக்டர் என்ன சொன்னாரு? வலி இருக்கற வரைக்கும் நரம்புல உசிரு இருக்குன்னாரா இல்லையா? நீ ஒவ்வொரு தடவ கத்தும்போதும் எனக்கு ஒரு பக்கம் ஈரக்குலை நடுங்குது, இன்னொரு பக்கம் 'ஆண்டவா, இன்னும் வலிக்குதே'ன்னு கும்பிடத் தோணுது. அந்த வலியையாவது தாங்கற மாதிரிக் குடுக்கலாம்னு பாத்தா… ரெண்டு மாசமா உன்னைக் கல்லு மேல உருட்டிட்டுப் போயிருக்கேன்.

— அப்படியெல்லாம் இல்லைங்க. போன வாரம்கூட 'தொட்டில்ல போற மாதிரி இருக்கு'ன்னு சொன்னேனே.

— அதான் எனக்குப் புரியல. முப்பத்திமூணுல எப்படிம்மா தொட்டில் மாதிரி இருக்கும்?

— என்னமோ, வாயில வந்ததைச் சொன்னேன்.

— எனக்காகப் பல்லைக் கடிச்சுட்டு சொல்லியிருக்கே. சரி. இனிமே யாரையும் நம்பறதா இல்ல.

— சார், வால்வு மூடிய ஏன் கழட்டறீங்க? சார்!

— நானே எறக்கிக்கறேன். தள்ளுங்க.

— ஐயோ, இருபத்திரெண்டுக்கும் கீழ போகுது சார், விடுங்க! இருபது… அக்கா, நீங்களாவது சொல்லுங்க!

— பதினெட்டு வைக்கப் போறேன். எது வெடிச்சாலும் வெடிக்கட்டும். ஒரே ஒரு குலுக்கல்கூட இவளுக்குத் தெரியக் கூடாது.

— கைய எடுங்க. எனக்குத் தெரியறதில்லைங்க.

— என்னது?

— இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. ரெண்டு மாசத்துக்கு மேலயே ஆச்சு. டாக்டருக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் கத்தினாத்தானே நீங்க ராத்திரி தூங்கறீங்க. தம்பி, சக்கரத்துல உன் காத்தையே திரும்ப வெச்சுடுப்பா. இவரு பத்திரமா வீடு போய்ச் சேரணும்.

— பொய். நேத்துப் பாலத்துல கத்தினியே. சரியா குழியில எறங்கும்போது கத்தினியே!

— குழியப் பாத்தா உங்க தோள்பட்டை தூக்கும். பின்னாடி படுத்துக்கிட்டு நான் அதைத்தான் பாத்துட்டு வருவேன். நேத்து அது ரெண்டு தடவ தூக்குச்சு.