பதினேழாம் கம்பத்துத் தொலைபேசி

மாலை ஆறு பத்து. நீர்த்தேக்கத்துக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் நீண்ட சுவர், மறு பக்கம் தண்ணீர். அந்நேரத்தில் அங்கே நிற்பவை மின்கம்பங்கள் மட்டும்தான்.

நடந்தது என் அறைத்தோழனின் சித்திக்கு. அவனே இதோ போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். நான் தவறினால் திருத்தட்டும்.

"ஆறு பத்து இல்லடா, ஆறு இருபது."

சரி, ஆறு இருபது. சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அன்று பதினேழாம் கம்பத்தில் ஏறினார். உடன் போனவர் ஏணிக்காரர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த மனிதர்.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன் கம்பத்தடியில் உள்ள பெட்டித் தொலைபேசியை எடுத்து, சப்-ஸ்டேஷன் ஆப்பரேட்டரிடம் ஏதாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆப்பரேட்டர் மின்சாரத்தை நிறுத்துவார். வேலை முடிந்ததும் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால்தான் மின்சாரம் விடுவார். அந்த வார்த்தை அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். ஏணி பிடிப்பவருக்குக்கூடத் தெரியக் கூடாது.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு வார்த்தை திரும்பி வந்தது. மின்சாரம் விடப்பட்டது. சாலை விளக்குகள் வரிசையாக எரிந்தன. சித்தப்பா மட்டும் திரும்பவில்லை.

கம்பத்தில் அவருடைய இடுப்புப் பெல்ட் இருந்தது. கொக்கி மாட்டியபடி... உள்ளே ஆள் இல்லை.

இரண்டு நாள் தண்ணீரில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "வேலை முடிஞ்சதுன்னு அவரே ஃபோன் பண்ணிட்டாரு, அதுக்கப்புறம் எங்கே போனாரோ" என்று அலுவலகம் கோப்பை மூடியது. சித்தியின் கொழுந்தனார் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"அண்ணி, அண்ணன் எவளையோ கூட்டிட்டு ஓடிட்டாரு. தண்ணி தெளிச்சு விட்டுட்டு வேலையப் பாருங்க."

"ஓடியிருந்தா நல்லதுதான் தம்பி. உசிரோட இருக்கார்னு அர்த்தம். அதையாவது யாராவது நிச்சயமா சொல்லுங்களேன்."

சித்திக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. பன்னிரண்டாம் நாள் பெட்டியை அணைத்துவிட்டு இறங்கினாள். சித்தப்பா காணாமல் போன அன்று நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது என்று முடிவு.

முதலில் ஏணிக்காரர். வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"போலீஸ்ல இதச் சொல்லலம்மா. குடிச்சிருந்தியான்னு கேப்பாங்க. அவரு மேல இருந்து கீழ பார்த்தாரு. என்னை இல்ல, எனக்குப் பக்கத்துல. 'நீ எதுக்கு இங்க வந்தே? இரு, இறங்கி வர்றேன்'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே. நான் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்ல. ஒரு வாசனை மட்டும்... சூடா இஸ்திரி போட்ட துணி வாசனை. அப்புறம் என்னைப் பார்த்து, வண்டியில இருந்து கம்பிக்குப் போடற பீங்கான் எடுத்துட்டு வரச் சொன்னாரு. வளைவு தாண்டிப் போனேன். எடுக்கும்போதே லைட் எரிஞ்சிருச்சு. ஓடி வந்தா... பெல்ட்தான் இருந்துச்சு."

சித்தி தன் முந்தானையை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். பிறகு கையை இறக்கிவிட்டாள்.

இரண்டாமவர் பம்பு நிலையத்துக் காவலாளி.

"எப்படிம்மா உங்ககிட்ட சொல்றது... ஒரு பொம்பளையோட போனாரு. தோளோட தோள் உரச, தண்ணிப் பக்கமா. நான் பம்பு போடற நேரம், அதனால மணி பார்த்தேன். ஆறு அம்பத்திரண்டு. 'என்ன சார், வேலை முடிஞ்சுதா?'ன்னு கத்தினேன். திரும்பாமலே கையத் தூக்கினாரு. ரெண்டு பேரு நடக்கறாங்க, செருப்புச் சத்தம் ஒருத்தரோடதுதான் கேட்டுச்சு."

"அவ முகம்?"

"பார்க்கலம்மா. நடை மட்டும்தான். இப்ப கேட்டைத் தாண்டி நீங்க வந்தீங்களே... அந்த மாதிரி."

ஒவ்வொன்றாகக் கேட்டால் பயமில்லை. கிழவருக்குப் பிரமை, காவலாளிக்குத் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிடலாம். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் கணக்கு இடிக்கிறது. அதே ஆறு ஐம்பத்திரண்டில் அவர் தண்ணீரோரம் நடந்துகொண்டிருந்தார் என்றால், கம்பத்தடியிலிருந்து பேசியது யார்?

மூன்றாமவர் ஆப்பரேட்டர். சித்தியைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் வாய் திறந்து, "அன்னிக்குப் பேசினது அவர்தானா?" என்று கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா. பொம்பளைக் குரல். வார்த்தை சரியா இருந்துச்சு. 'குடை'ன்னுதான் அவர் குடுத்திருந்தாரு. எங்களுக்கு வார்த்தைதான் கணக்கு, குரலை யாரும் பார்க்கறதில்ல. அவர் பேரை எழுதிட்டுக் கரண்ட் விட்டுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. வெளிய சொன்னா வேலை போயிரும்."

"யார் குரல்?"

அவர் பதிவேட்டை மூடி வைத்தார்.

"அண்ணே, கால்ல விழறேன். யார் குரல்?"

"உங்க குரல்மா."

அந்நேரம் சித்தி கடையில் இருந்தாள். கடை முதலாளியே சாட்சி. அவள் அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. எழுந்து நின்றாள்.

"நான் அந்தக் கம்பத்துக்கே போறேன். அதே ஃபோன்ல, அதே வார்த்தையச் சொல்றேன். இந்தக் குரல் இல்லன்னு நீங்க சொல்லணும்."

இனிமேல் நான் சொல்வது ஆப்பரேட்டர் சொன்னது. சித்தி இதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

"சொல்லாதடா, போதும்," என்கிறான் இவன். பாதியில் விட்டால் மட்டும் தூக்கம் வரப்போகிறதா என்ன?

இருட்டிவிட்டது. சப்-ஸ்டேஷனில் பதினேழாம் கம்பத்து ஃபோன் மணி அடித்தது. ஆப்பரேட்டர் எடுத்தார். முதலில் காற்று... தண்ணீர் கல்லில் மோதும் ஓசை... பிறகு, "குடை."

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

"குடை," என்றாள் சித்தி மறுபடியும். "சொல்லுங்கண்ணே. இதுவா அந்தக் குரல்?"

"அம்மா... ஒருத்தர் பேசுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினா எப்படி?"

சித்தி சுற்றிலும் பார்த்திருப்பாள். சாலையில் யார் இருக்கப் போகிறார்கள்? வேறு யாராயிருந்தாலும் ஃபோனைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். பன்னிரண்டு நாள் சாப்பாடு தூக்கம் இல்லாதவள். அவளுக்குப் பயப்படக்கூடத் தெம்பு மிச்சம் இல்லை.

"அண்ணே, வெச்சிராதீங்க. அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அவர் அவகூட இருக்காரா? இருக்கார்னு சொன்னாப் போதும். நான் போயிடறேன், திருப்பிக்கூடக் கேக்க மாட்டேன்."

ஆப்பரேட்டர் கேட்டார். கேட்டதாகச் சத்தியம் செய்கிறார். சித்தியின் காதில் கம்பி இரைச்சல் மட்டும்தான் விழுந்திருக்கும். பிறகு ஆப்பரேட்டரே சித்தியிடம் சொன்னார்.

"அம்மா... அவங்க அழறாங்க. அவர் உங்ககூடத்தானே இருக்காருன்னு உங்களைக் கேக்கச் சொல்றாங்க."