ஈஸ்ட்டை வரிசையில் நிறுத்தும் மாப்பிள்ளை

அடையாறு பஸ்ஸில் முன் சீட்டு மாமி, தன் மகளைப் பெண் பார்க்க வந்த பையனைப் பற்றித் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கிண்டில ஆராய்ச்சி பண்றான். கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் செல்லையெல்லாம் தண்ணிக்குள்ள சத்தத்தாலயே வரிசையா நிக்க வெச்சுடுவானாம்.”

“அவ்வளவு கத்துவானா?”

“இல்லடி, அந்தச் சத்தம் நம்ம காதுக்கே கேக்காதாம்.”

“சத்தத்தை நிறுத்திட்டா?”

“எங்காத்துப் பொண்ணும் அதையேதான் கேட்டா. ‘எல்லாம் கலைஞ்சுடும், ரெண்டு வருஷமா அதான் என் பிரச்சினை’ன்னு அழற மாதிரி ஆயிட்டான்.”

“ஐயோ! அப்புறம்?”

“இவ பஜ்ஜித் தட்டை வெச்சுட்டு அவன் பக்கத்துல உக்காந்துண்டா. ‘ஜெல்லி பண்ற கடல்பாசியைக் கரைச்சு அதுல பண்ணுங்கோ, வரிசையாவே உறைஞ்சுடும்’னா. உடனே ரெண்டு பேரும் கடல்பாசி வாங்கக் கிளம்பிப் போயிட்டா. அவன் அப்பா அம்மாவை நாங்கதான் பஸ் ஏத்திவிட்டோம்.”