எட்டாவது போர்ட்

...பெட்டிதாம்மா ரோசாக், கெட்டுப் போச்சு. நா சொல்றேன்ல, ரிப்போர்ட்ல எழுதிடுங்க. ஜொகூர் பாருலேருந்து பத்து பாகாட் வரைக்கும் பெட்டியச் சோதிக்க வந்துட்டு, இன்னும் என்னாத்த டார்ச் அடிச்சுப் பாக்குறீங்க ஷர்மினி?

இந்தச் சாயத் தொழிற்சாலையில எனக்கு இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ் லா. கனகராஜ் கை வச்சா தப்பு வராது. பன்னெண்டு மெஷின், பன்னெண்டு வயரு, எல்லாம் இந்த டெர்மினல் சர்வர் பெட்டியில வந்து சேருது, பதினாறு போர்ட் இருக்கு. ஆபீஸ்ல சந்திரமதி மெஷின் நம்பரப் போட்டு கலர தட்டினா, பெட்டி அதே நம்பர் போர்ட் வழியா அனுப்பிடும். ஸ்பீடு ஒம்பதாயிரத்தி அறுநூறு... ஒவ்வொரு போர்ட்டுக்கும் நாந்தான் முதுகு ஒடிய குந்தித் தட்டுனேன்.

நேத்து மொத ஓட்டம். எட்டாம் மெஷின்ல ஸ்கூல் சட்டைத் துணி, பளிச்சுனு வெள்ளையா வரணும். செவப்பா வந்து நிக்கிது! செவப்பு போடவேண்டிய ஒம்பதாம் மெஷின் சும்மா தூங்குது. மொதலாளி தவுக்கே கத்துன கத்துல கேன்டீன்ல டீ ஆறிப் போச்சு. உங்க ரிப்போர்ட்ல யார் பேரு வருதோ, அவன் திங்கக்கெழம வரவேணாமாம்.

அந்தாளு சங்கதி தெரியுமா? சீனத்துல நாலுன்னா சாவு நம்பராம், அவருக்கு ஆகாது. நாலாம் மெஷினுக்கு 'மூணு ஏ'ன்னு பேரு. நா என்ன பண்ணேன், ஸ்டிக்கர மட்டும் மாத்திட்டு வயர நாலாவது போர்ட்லயே சொருகிட்டேன். மெஷினுக்கென்னம்மா தெரியும் சாவும் வாழ்வும்? இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுஷன்...

என்னாது? எட்டாவது போர்ட் காலியாவா?

ஆமா... காலியாத்தான் இருக்கும். எனக்கு ஏழரைச் சனிம்மா. எட்டு சனியோட நம்பரு, அது பக்கமே போவாதன்னு குளுவாங் ஜோசியர் சொல்லிட்டாரு. அதான் அத விட்டுட்டு, எட்டாம் மெஷின் வயர ஒம்பதாவது போர்ட்ல, ஒம்பதாம் மெஷின பத்துல... அப்பிடியே தள்ளித் தள்ளி...

அலமாக். அப்ப ஒம்பதுக்குத் தட்டுன செவப்பு நேரா எட்டாம் மெஷினுக்கு...

ஏம்மா, எலி கடிச்சிருக்குன்னு எழுத முடியாதா? மவ இன்னும் ஒரு வருஷம் படிக்கணும். நெஜமாவே பயமா இருக்கு.

சரி சரி, அப்பிடிப் பாக்காதீங்க. என் பேரையே எழுதுங்க. தவுக்கேகிட்ட நானே போய்ச் சொல்றேன்.

என்னாது, வயர நா மாத்தி சொருவணுமா? எட்டுலயா? நீங்களே சொருவிடுங்கம்மா, புண்ணியமா போவும். நா அப்பிடி வெளிய நின்னுக்கறேன்.